தெருவில் நிற்கும் விலங்குக்கு யார் பொறுப்பு?

நாள் தவறாமல் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களோடு நாள் தவறாமல் சண்டை போடும் பெரியவர்களே!

சிரிக்கிறீர்கள். நல்லது. இந்த இரண்டு தரப்பும் ஒரே அரங்கில், அதுவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூட்டம் முடியும்வரை இப்படியே இருந்தால் அதுவே இன்றைய வெற்றி.

நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது சென்னை மாநகரத்தின் விலங்குக் கட்டுப்பாட்டு விதிகள். அவற்றை எப்படித் திருத்தி எழுதுவது? இந்தப் பேச்சை எடுத்தாலே உடனே ஒரு கேள்வி வந்து விழும்: உங்களுக்கு நாய் முக்கியமா, மனிதன் முக்கியமா? அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பட்டிமன்றத்துக்கு அது நல்ல தலைப்பு. விதி எழுத அது உதவாது. என்னுடைய கேள்வி வேறு. தெருவில் ஒரு நாய் நிற்கிறது. ஒரு மாடு நிற்கிறது. அதற்கு யார் பொறுப்பு? அது கடித்தால், முட்டினால், குட்டி போட்டால், நோய் பரப்பினால், யாருடைய பெயரைச் சொல்லி நாம் கேட்பது? அந்தப் பெயர் விதியில் எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்டிருந்தால், அந்த ஆளை நம்மால் பிடிக்க முடிகிறதா?

திருவாரூரில் ஆராய்ச்சி மணியை அடித்த பசுவின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லும்போதெல்லாம் மன்னனின் நீதியைத்தான் பெரிதாகப் பேசுகிறோம். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. மணி அடித்த மாத்திரத்தில், கன்றின் மீது தேரை ஏற்றியது யார் என்று விசாரித்தார்கள், யார் என்று தெரிந்தது. இன்று சென்னையில் மணி அடித்தால், சுகாதாரத் துறைக்குப் போ, கால்நடைப் பிரிவுக்குப் போ, மண்டல அலுவலகத்துக்குப் போ, காவல் நிலையத்துக்குப் போ என்பார்கள். பசு களைத்துப் போய்த் திரும்பிவிடும்.

அன்பர்களே, முதலில் கொஞ்சம் வரலாறு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலையைச் சென்னை நகராண்மை 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. நூறாண்டுக்கு மேல் அதே வேலை. சுருக்குக் கம்பி, நாய்ப்பிடி வண்டி, அப்புறம் மின்சாரம். 1964இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதை விட்டுவிட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிய பிறகு, 1990களின் நடுவில்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. அப்போது நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தன. நூறாண்டு கொன்ற பிறகும் நாளுக்கு நூறு நாய் கிடைத்துக்கொண்டிருந்தது என்றால் என்ன பொருள்? கொன்றதால் நாய் குறையவில்லை என்று பொருள். காரணம் எளிது. ஒரு தெருவில் குப்பையும் மிச்சச் சோறும் எவ்வளவு நாய்க்குப் போதுமோ அவ்வளவு நாய் அங்கே இருக்கும். நாலை எடுத்தால் பக்கத்துத் தெருவிலிருந்து நாலு வரும், வராவிட்டால் பிறக்கும்.

ஆக, கொல்லும் வழி தோற்றது. சரி, கருத்தடை வழி வென்றதா?

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2001இல் மத்திய அரசு நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் அவற்றைத் திருத்திப் புதிய விதிகளை வெளியிட்டது. நாயைப் பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, காதில் ஓர் ஓரத்தை வெட்டி அடையாளம் செய், பிடித்த இடத்திலேயே திரும்ப விடு. இதுதான் சாரம். புளியந்தோப்பிலும், லாயிட்ஸ் காலனியிலும், கண்ணம்மாபேட்டையிலும் மையங்கள் இருக்கின்றன. மருத்துவர்கள் இருக்கிறார்கள், வேலை நடக்கிறது. ஆனால் 2018இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 57,000 என்றிருந்த தெருநாய்கள், 2024 கணக்கில் 1,81,000 ஆகிவிட்டன. எண்ணிய முறை வேறு, அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதே கணக்கெடுப்பில், கருத்தடை ஆனவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்றுதான் வந்தது. அதற்கு என்ன சமாதானம்?

வேலை நடக்கிறது, பலன் இல்லை. ஏன்? நான் சொல்கிறேன். விதி அறுவைகளை எண்ணுகிறது. தெருவை எண்ணுவதில்லை.

ஒரு பெட்டை நாய் ஆறு மாதத்துக்குப் பிறகு பருவத்துக்கு வந்துவிடும். இரண்டு மாதம் சினை. ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நாலைந்து குட்டி. எல்லாக் குட்டியும் பிழைக்காது, பாதிக்கு மேல் செத்துப்போகும். ஆனால் இடம் காலியாக இருந்தால், சோறு மிச்சமாக இருந்தால், பிழைக்கும் குட்டிகளின் எண்ணிக்கை கூடும். இப்போது ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 200 வார்டுகள். 1,81,000 நாயை 200ஆல் வகுத்தால் வார்டுக்குச் சராசரி ஏறத்தாழ 900 நாய். அதில் பத்தில் ஏழு பங்கு நாய்க்குக் கருத்தடை ஆனால்தான் பிறப்பு கட்டுக்குள் வரும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் அளவு. அதாவது 630 நாய். நாளைக்கு முப்பது நாயைப் பிடிக்க ஒரு குழுவால் முடிந்தால், இருபத்தோரு நாளில் ஒரு வார்டு முடியும். முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போகலாம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? திங்கட்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு புகார் வந்தால் அங்கே பத்து. செவ்வாய்க்கிழமை வேளச்சேரியில் ஒரு கவுன்சிலர் சொன்னால் அங்கே பன்னிரண்டு. புதன்கிழமை தொலைக்காட்சியில் ஒரு செய்தி வந்தால் அங்கே இருபது. ஆண்டு முடிவில் ஆயிரக்கணக்கில் அறுவை, அறிக்கையில் அழகான எண். எந்த வார்டிலும் பத்தில் ஏழு பங்கு இல்லை. முந்நூறு கிணற்றில் தலா ஐந்தடி வெட்டிவிட்டு, மொத்தம் ஆயிரத்தைந்நூறு அடி வெட்டினோம், தண்ணீர் வரவில்லையே என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

முடியும் என்பதற்குச் சான்று இல்லையா? இருக்கிறது. ஜெய்ப்பூர் பழைய நகரத்தில் 1990களின் நடுவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் பகுதி பகுதியாக, குறிப்பாகப் பெட்டை நாய்களைக் குறிவைத்து வேலை செய்தது. பெட்டைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கருத்தடை ஆன நிலையில், எட்டாண்டுக் காலத்தில் நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. எட்டாண்டில் 28 விழுக்காடுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். நூறாண்டு கொன்று குறையாதது அங்கே குறைந்தது. அதோடு, வேலை நடந்த பகுதியில் மனிதர்களுக்கு வெறிநாய்க்கடி நோய் வருவதும் நின்றது. கோவா இன்னொரு வழியில் போனது. வலையோடும் கைப்பேசியோடும் குழுக்கள் தெருத்தெருவாக, வீடுவீடாகப் போய்த் தடுப்பூசி போட்டன. எந்தத் தெருவில் எத்தனை நாய்க்குப் போட்டோம், எத்தனை தப்பித்தது என்று அன்றன்றே பதிந்தார்கள். தப்பித்ததைத் தேடி மறுபடி போனார்கள். 2021இல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. சென்னையிலும் 2025 ஆகஸ்டில் அப்படியொரு பெரும் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. வரவேற்கிறேன், மனமார வரவேற்கிறேன். ஆனால் அது ஓர் இயக்கம். அதிகாரி மாறினால் இயக்கம் நிற்கும். விதியில் இருந்தால் அவ்வளவு எளிதில் நிற்காது.

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான். தெருநாய்க்குப் பொறுப்பாளர் மாநகராட்சி என்று விதி வெளிப்படையாகச் சொல்லட்டும். வார்டு வாரியாகச் சொல்லட்டும். இந்த வார்டில் இத்தனை நாய், இத்தனைக்குக் கருத்தடை ஆயிற்று, குழு இந்த மாதம் வரும், இவர்தான் கால்நடை உதவி மருத்துவர் என்று வார்டு அலுவலக வாசலில் பலகை எழுதி வைக்கட்டும். ஒப்பந்தக்காரருக்கு நாய்க்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், அவர் பிடிக்க எளிதான நாயைத்தான் பிடிப்பார். கையில் சிக்காத கிழப் பெட்டையைப் பிடிக்க மாட்டார். வார்டு பத்தில் ஏழு பங்கைத் தொட்டால்தான் முழுப்பணம் என்று வைத்துப் பாருங்கள், அந்தக் கிழப் பெட்டையைத் தேடி இரவு இரண்டு மணிக்கும் வருவார்.

நாய் பிடிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. வண்டி தெருவில் நுழைந்தால் ஒரு வீட்டிலிருந்து, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று திட்டு. எதிர்வீட்டிலிருந்து, எங்கள் மணியைத் தொடாதே என்று திட்டு. கடியும் அவர்களுக்குத்தான். பயிற்சியும், முன்கூட்டியே போடும் தடுப்பூசியும், நிரந்தர ஊதியமும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யச் சொல்வது அநியாயம். விதியில் அவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும்.

இப்போது உச்ச நீதிமன்றத்துக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 11 அன்று, தில்லிப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று உத்தரவு வந்தது. நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடக் கூடாது, கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. பிறகு நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், விளையாட்டு வளாகங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அவற்றைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது.

அகற்ற வேண்டும், சரி. எங்கே கொண்டுபோய் வைப்பது? பெரிய காப்பகம் ஒன்றில் ஆயிரம் நாயை வைக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், சென்னையின் எல்லா நாய்க்கும் ஏறத்தாழ 180 காப்பகம் வேண்டும். யாரால் முடியும்? ஆகவே எல்லாவற்றையும் அடை என்பது பேச்சுக்குத்தான். ஆனால் மருத்துவமனை வளாகத்து நாய்க்கும், கடித்த நாய்க்கும், நோய் கண்ட நாய்க்கும் இடம் வேண்டும், அது நம்மால் முடியும். புதிய விதி அந்த இடத்தையும், அதற்கான பணம் எந்தத் தலைப்பில் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். பணத்தைச் சொல்லாத விதி காகிதத்தோடு நின்றுவிடும்.

சோறு வைக்கும் தாய்மார்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். உங்களைக் குற்றவாளி ஆக்கும் விதியை நான் ஆதரிக்க மாட்டேன். அதே சமயம், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் மாடிப்படியடியிலும் சோறு வைப்பதையும் ஆதரிக்க மாட்டேன். 2023 விதியே அதைத் தடுக்கிறது. நான் கேட்பது இன்னொன்று. வலையைக் கண்டதும் காற்றாய்ப் பறக்கும் நாய் உங்கள் குரலைக் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். மாநகராட்சிக்குக் கிடைக்காத அந்தக் கிழப் பெட்டை மாலை ஏழு மணிக்கு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஆகவே பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சோறு வைக்கும் உரிமை உங்களுக்கு. குழு வரும் நாளில் அந்த நாய்களைக் கைப்பிடித்துக் கொடுக்கும் கடமையும் உங்களுக்கு. சோறு வைக்கிறேன், பிடிக்க விடமாட்டேன் என்பவர் நாய்க்கு நண்பர் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது வீட்டு நாய். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. சென்னையே பதறியது. அவை தெருநாய்கள் அல்ல. உரிமையாளர் இருந்த நாய்கள். அதன் பிறகுதான் உரிமம் என்ற சொல்லே பல வீடுகளில் காதில் விழுந்தது. அப்போது உரிமக் கட்டணம் 50 ரூபாய். தடுப்பூசிச் சான்றைக் காட்டி இணையத்திலேயே வாங்கலாம். அப்படியும் வாங்கவில்லை. பிறகு உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம், நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் கட்டாயம் என்று வந்ததும் முகாம்களில் வரிசை நீண்டது. நம் மக்களுக்கு 50 ரூபாய் தெரியாது, 5,000 ரூபாய் நன்றாகத் தெரியும்!

அந்தச் சிப் எதற்கு? நாய்க்காக என்று நினைக்காதீர்கள். அது உங்களுக்காக. நாளை அந்த நாயை மதுரவாயல் புறவழிச்சாலை ஓரம் இறக்கிவிட்டு ஓடினால், உங்கள் பெயர் அதன் தோளில் இருக்கும். ஆனால் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. வாங்கியவர் வந்து பதிவு செய்தால்தானே பெயர்? குட்டியை விற்கும் இடத்திலேயே சிப் போட்டாக வேண்டும், முதலில் வளர்ப்பவர் பெயரில், விற்றதும் வாங்கியவர் பெயரில், வண்டிப் புத்தகத்தில் பெயர் மாற்றுவது போல. நாய் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் 2017இலும் செல்லப் பிராணிக் கடைகளுக்கு 2018இலும் மத்திய விதிகள் வந்தன. பதிவு செய்த வளர்ப்பாளரிடம்தான் வாங்கினேன் என்று இந்த அரங்கில் எத்தனை பேர் கை தூக்குவீர்கள்? பரவாயில்லை, தூக்க வேண்டாம்.

ராட்வீலர், பிட்புல் இனங்களுக்குப் புதிய உரிமம் இல்லை என்று மாநகராட்சி முடிவு செய்திருக்கிறது. அதற்குக் கைதட்டல் கிடைத்தது. நான் தட்டவில்லை. இனத்தைத் தடை செய்வது தீர்மானம் போட எளிது. அந்த இனம் தானா, கலப்பா என்று தெருவில் நின்று சொல்லப் போவது யார்? வாய்மூடி போடாமல், கயிறு இல்லாமல், எட்டு வயதுப் பையன் கையில் கொடுத்து எந்தப் பெரிய நாயையும் வெளியே அனுப்பாதே என்பதுதான் விதியின் மையமாக இருக்க வேண்டும்.

மாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திருவல்லிக்கேணிக்காரர்கள் என்னை விட மாட்டார்கள். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த சிறுமியை ஒரு மாடு முட்டித் தூக்கிப் போட்ட காட்சி எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று, பிறகு 10,000 ஆயிற்று. பிடித்த மாட்டைப் பெரம்பூரிலோ புதுப்பேட்டையிலோ தொழுவத்தில் அடைப்பார்கள். உரிமையாளர் வருவார், கட்டுவார், ஓட்டிக்கொண்டு போவார், மறுநாள் அதே மாடு அதே சந்திப்பில் நிற்கும். ஏன்? அவருக்குக் கட்ட இடமில்லை. காலையில் கறந்துவிட்டுத் தெருவில் விடுகிறார். தீவனச் செலவைத் தெருக் குப்பைத் தொட்டி ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பாலைத்தான் நாம் காலையில் காபிக்கு வாங்குகிறோம். நகர்ப்புறத்தில் கால்நடை வளர்க்க உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1997இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இடமில்லாதவருக்கு மாநகராட்சி பொதுத் தொழுவம் கட்டிக் கொடுக்கட்டும், வாடகை வாங்கட்டும். இடம் கொடுத்த பிறகும் தெருவில் விட்டால் அபராதம் இருக்கட்டும், மூன்றாம் முறை உரிமம் போகட்டும். இடம் கொடுக்காமல் அபராதம் மட்டும் ஏற்றினால் அது பாலின் விலையில் போய்ச் சேரும்.

இன்னும் ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து இல்லை. வரும் முன் தடுக்க மருந்து உண்டு. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக நம் மாநிலத்திலேயே இதற்கொரு நிலையம் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம், அப்படியும் மனிதர்கள் சாகிறார்கள். கடிபட்டால் மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் வைக்காதீர்கள். குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள், எல்லாத் தவணையும் போட்டு முடியுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

விதிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? ஊசி போடும் மருத்துவமனையில் ஒரு பதிவேடு இருக்கிறது. எந்தத் தெருவில் கடித்தது என்று அதில் எழுதலாம். அந்தத் தகவல் அன்று மாலைக்குள் கால்நடைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஒரே ஒரு வரி விதியில் சேர்த்தால் போதும். ஒரே தெருவில் மூன்று கடி என்றால் மறுநாள் காலை குழு அங்கே நிற்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பதிவேடு ஓர் அலமாரியில், இந்தக் குழு ஓர் ஊர்தியில், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நண்பர்களே, 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் பழங்கதை ஆகிவிட்டது. துணைவிதிகளை எழுத இதுதான் நேரம். உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது போய் உட்காருங்கள். எனக்கு நாய் பிடிக்கும், பிடிக்காது என்று அங்கே பேசாதீர்கள். இந்த வார்டில் எத்தனை நாய், எத்தனை காதில் வெட்டு இருக்கிறது, குழு எந்தத் தேதியில் வரும், கோழிக்கடைக் கழிவை எடுக்கும் வண்டி ஏன் இரவு பத்து மணிவரை வரவில்லை என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் காகிதத்தோடு போங்கள்.

கேள்வி நேரத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் கேள்வி, நான் முன்னமே சொன்ன அந்த இரண்டு நாற்காலிகளிலிருந்து வரட்டும்.